பூட்ஸுக்கு ஒரு சிம்மாசனம்

எனக்கும் கால்பந்துக்கும் ஏற்பட்ட உறவு, அறை மாறி உட்கார்ந்ததால் ஏற்பட்டது.

மந்தைவெளி வாசகசாலையில் இரண்டு அறைகள் உண்டு. மார்கழி பஜனையைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போனேன். பஜனைக்காரர்கள் உள்ளறையில் இருந்திருக்கிறார்கள். நான் முன்னறைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ எழுந்து பேசினார். ஒற்றுமை வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், அதிகாலையில் எழ வேண்டும் என்றார். பஜனைக்கு இவையெல்லாம் வேண்டியவைதானே என்று தலையை ஆட்டினேன். அங்கே தலையாட்டியவன் நான் ஒருவன்தான். கூட்டம் முடியும்போது மந்தைவெளி ஐக்கியக் கால்பந்துக் கழகத்தின் செயலாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தேன். மறுக்கலாமென்று எழுந்தேன். அதற்குள் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. மாலையோடு நின்றுகொண்டு மறுத்துப் பேச எனக்குத் தெரியவில்லை.

"துணி உலர்த்தற கம்புக்கும் கோல் போஸ்ட்டுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?" என்று என் மனைவி கோமளம் கேட்டாள்.

தெரியாது. ஆனால் கழகத்தில் அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. தலைவர் சுயம்புலிங்கத்துக்கு தியாகராய நகரில் பெரிய ஜவுளிக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உழைத்து முன்னேறியவர். எதையும் மீட்டர் கணக்கில்தான் பார்ப்பார், மைதானத்தைக்கூட. உபதலைவர் வேதாந்தம் ஓய்வு பெற்ற வக்கீல். எங்கள் மூவரில் ஒரு தடவையாவது பந்தை உதைத்தவர் அவர்தான். அதுவும் பந்து வந்து அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்ட கோபத்தில்.

ஆக, கழகத்தில் நாங்கள் மூவர் நிர்வாகம் செய்தோம். கபாலி கோல் போட்டான்.

கபாலி எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். தந்தி ஆபீசில் தற்காலிகப் பியூன். சைக்கிளில் தந்தி கொண்டுபோகிற வேலை. அவன் பந்தோடு ஓடுவதைப் பார்த்தால் எனக்கே ஆட்டம் புரிவது போலிருக்கும். எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் தென்சென்னைக் கேடயத்தின் அரையிறுதிக்கு நாங்கள் வந்து சேர்ந்ததற்கு அவன் கால்கள்தான் காரணம். நிர்வாகத் திறமை என்று ஆண்டறிக்கையில் எழுதியிருந்தேன்.

அரையிறுதியில் எதிரணி ராயப்பேட்டை நீலக்கொடி. அணிக்கு ஒரு கோல் விழுந்திருந்தது. தூறல் ஆரம்பித்துவிட்டது. கபாலி பந்தை எடுத்துக்கொண்டு சீறினான். அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் ஷரீஃப் பந்தை எடுக்கக் குறுக்கே சறுக்கினான். தப்பு யாருடையதும் இல்லை, ஈரப் புல்லுடையது என்று நடுவர் பின்னால் சொன்னார். எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. முருங்கைக்காயை முறித்தது போல.

கழக நிர்வாகிகள் நாங்கள் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. மைதான ஓரத்திலேயே அவசரக் கூட்டம் கூட்டினோம். கூட்டம் செல்லும்படியான எண்ணிக்கையில் இருக்கிறோமா என்று வேதாந்தம் எங்களை எண்ணிப் பார்த்தார்.

"முதல்ல அனுதாபத் தீர்மானமா, கண்டனத் தீர்மானமா? அதைச் சொல்லுங்கோ" என்றார்.

"கண்டனந்தான் வே. அனுதாபம் எங்க போயிரப் போவுது?" என்றார் சுயம்புலிங்கம்.

வாசகம் சரிபார்த்து நிமிர்ந்தபோது மைதானத்தில் கபாலி இல்லை. ஷரீஃப் அவனை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, போன டாக்சியை மறித்து ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

"பாத்தீரா வே! காலை ஒடிச்ச பய ஓடியே போயிட்டான்" என்றார் தலைவர்.

அதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டோம். மழை வலுத்து ஆட்டம் நின்றுபோனது. மழைக்காலம் கழிந்ததும் மறு ஆட்டம் என்று அறிவித்தார்கள்.

மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கபாலி மாவுக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா கன்னியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மந்தைவெளி மார்க்கெட் ஓரத்தில் ஆப்பக் கடை போடுகிறவள்.

"ரெண்டு எலும்பும் பூட்ச்சாம் சார்" என்றாள். "கட்டு பிரிச்சப்புறம் தெனைக்கும் இங்க இட்டாந்து நடக்க வெக்கணுமாம். இல்லாங்காட்டி கால் கட்ட மாரி ஆயிடுமாம். தந்தியாபீசுல தை மாசம் வரிக்கும் பாப்பாங்களாம். அப்பால சைக்கிள் மிதிக்க வரலன்னா வேற ஆளு. நாங்க கீறது மூணாவது மாடி சார். நான் ஒண்டியா இவன எப்டி எறக்குவேன், எப்டி ஏத்துவேன்?"

"கவலைப்படாதேம்மா, கழகம் இருக்கிறது" என்றேன்.

என்ன தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் சொன்னபோது எனக்கே மனம் நிறைந்துவிட்டது. ஆறுதல் சொன்னவனுக்கு வருகிற நிறைவு அது. கேட்டவளுக்கு என்ன வந்தது என்று நான் பார்க்கவில்லை.

கழகம் இருக்கத்தான் இருந்தது. உடனே சிறப்புக் கூட்டம் கூட்டியது. அதுவரை எங்கள் கழகத்தில் நடந்த சிறப்புக் கூட்டங்களெல்லாம் யாராவது காலமானதற்காக நடந்தவை. சிறப்புக் கூட்டம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். பழக்கத்தில் நானே கபாலியின் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்தி, குத்துவிளக்கு ஏற்றி வைத்துவிட்டேன். ஊதுவத்தியும் கொளுத்தினேன். எல்லாம் அழகாக இருந்தன.

சுயம்புலிங்கம் எழுந்தார். அவரிடம் இருந்ததும் ஒரே பேச்சுத்தான்.

"கபாலியின் கால் ஈடு செய்ய முடியாத இழப்பு. அந்தக் கால் நம்மை விட்டுப் பிரிந்தாலும் அது போட்ட கோல்கள் நம்மை விட்டுப் பிரியாது. இந்தச் சமயத்தில் ஒன்று சொல்லிக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். கபாலி கடைசியாக அணிந்திருந்த சட்டைத் துணி நம்ம கடையில் எடுத்தது. எத்தனையோ தடவை சேற்றில் விழுந்தான். சாயம் போகவில்லை. இப்போது எல்லோரும் எழுந்து நின்று மௌனம்…"

எழுந்து நின்றோம். அந்த நேரம் பார்த்து, கழகம் என்ன செய்யப்போகிறது என்று தெரிந்துகொள்ள கன்னியம்மா உள்ளே வந்தாள். மாலையும் விளக்குமாக மகன் படத்தைப் பார்த்தாள். எல்லோரும் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தாள்.

அவள் போட்ட அலறலை என்னால் எழுத முடியாது. அப்படியே திரும்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் செருப்புகூடப் போடாமல் "ஒன்றுமில்லையம்மா, மரியாதைதான், மரியாதைதான்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவள் போய்ச் சேர்ந்தபோது கபாலி என் சாத்துக்குடியை உரித்துத் தின்றுகொண்டிருந்தானாம். அவனை ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டு அழுதாளாம்.

"மாலை போட்டதுக்காய்யா அந்தப் பொம்பள இந்தப் பாடு படுத்துதா? வாடாத மாலைல்லா அது" என்று தலைவர் வருத்தப்பட்டார்.

கபாலி வீட்டுக்கு வந்த பிறகு, அவனை மாடியிலிருந்து இறக்குவது யார் என்ற விஷயத்தைக் கூட்டத்தில் கிளப்பினேன். ஆட்டக்காரர்கள் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், மறு ஆட்டம் கெட்டுப்போகும், ஆகையால் அவர்கள் தூக்கக் கூடாது என்று முதலில் முடிவாயிற்று. தலைவர் கடையில் மூட்டை தூக்குகிற ஆட்கள் இருந்தார்கள். ஆனால் தீபாவளி வியாபாரம். தீபாவளி போனால் அனுப்புவதாகச் சொன்னார். தீபாவளி போயிற்று. கார்த்திகை முகூர்த்த வியாபாரம் வந்தது.

"எனக்கு குடலிறக்கம். நான் ஒரு சொம்புகூடத் தூக்கப்டாது" என்றார் வேதாந்தம், யாரும் கேட்காமலே. "ஆனா ஒரு யோசனை இருக்கு. உத்சவத்துல சாமியைத் தூக்கறா இல்லியா? அந்த மாதிரி நாற்காலில கம்பு கோத்து தூக்கினா ரெண்டு பேர் போறும்."

நல்ல யோசனை. ஆசாரியிடம் சொன்னோம். சிங்கம் எங்கள் கழகச் சின்னம் என்பதால் கைப்பிடியில் சிங்க முகம் வேண்டும் என்றார் வேதாந்தம். தலைவர் கடையிலிருந்து சிவப்பு வெல்வெட் வந்தது. வேலை முடிந்து பார்த்தால் நோயாளியைத் தூக்குகிற நாற்காலி மாதிரி தெரியவில்லை. பட்டாபிஷேகத்துக்குச் செய்தது மாதிரி இருந்தது.

ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார்கள். கபாலியின் எடைக்கு யாராவது உட்கார வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சற்று வெட்கத்தோடு ஏறி உட்கார்ந்தேன். மறைத்துப் பயனில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. தலைவர் கடை ஆட்கள் இருவர் அரை மணி இரவல் வந்திருந்தார்கள். கபாலி குடியிருந்த குடிசை மாற்று வாரியக் கட்டடத்தின் மாடிப்படியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முதல் திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. முன்னால் போகவில்லை, பின்னால் வரவில்லை. சிங்கம் ஒன்று சுவரில் வாயை வைத்துக்கொண்டது. அரை மணி ஆனதும் கடை ஆட்கள், முதலாளி தேடுவார் என்று போய்விட்டார்கள். நான் படிக்கும் சுவருக்கும் நடுவே, அந்தரத்தில், கைகளைச் சிங்கங்கள் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் லாரி வந்த நேரம். பெண்கள் குடத்தோடு மேலும் கீழும் போனார்கள்.

"இன்னா சாமி இது, எந்தக் கோயிலு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சாமிக்கு வேண்டுதல் போட்டுக்கோ. இந்தாண்டை லாரி தெனம் வரணும்னு" என்றாள் இன்னொருத்தி, என் முழங்காலுக்கு மேலே காலைத் தூக்கி வைத்துத் தாண்டிக்கொண்டே.

மேலே மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கபாலிதான். கன்னியம்மா அவனுக்கு விவரம் சொல்லியிருக்கிறாள். அடிபட்ட பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் சொன்னாள். ஆசாரி வந்து கம்பை அறுத்து என்னை விடுதலை செய்யும்வரை அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். செயலாளராக இருந்து நான் அவனுக்குச் செய்த முதல் உபகாரம் அதுதான்.

கம்பு அறுபட்ட நாற்காலி கழக அறைக்குத் திரும்பியது. அதன் அழகைப் பார்த்து யாருக்கும் அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

மார்கழி பிறந்தது. மறு ஆட்டம் பொங்கலை ஒட்டி என்று தேதி வந்தது. கபாலியின் இடத்தில் யார் ஆடுவது? வேம்பு என்று ஒரு பையன் இரண்டு வருஷமாகக் காத்திருந்தான். பால் டெப்போவில் வேலை. நன்றாக ஆடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனுடைய பூட்ஸ் மட்டும் முதலை மாதிரி வாயைத் திறந்துகொண்டிருக்கும்.

"கபாலி எடத்துல இன்னொருத்தனை நிறுத்தறது நன்றி கெட்ட காரியம்" என்றார் வேதாந்தம். "அண்ணா காட்டுக்குப் போனப்போ தம்பி என்ன பண்ணினார்? தான் ஏறி உக்காந்துண்டாரா? பாதுகையைச் சிம்மாசனத்துல வெச்சார். நம்மகிட்டயும் சிம்மாசனம் ரெடியா இருக்கு. கபாலி பூட்ஸை அதுல வெச்சு மைதானத்துல நிறுத்துவோம். பத்து பேர் ஆடட்டும். பதினோராவது ஆள் பூட்ஸ்!"

கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ராஜ்யம் ஆள்வது வேறு, பந்தை உதைப்பது வேறு என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

வாசலில் நின்ற வேம்புக்குத்தான் தோன்றியது. "இன்னா சார், பூட்ஸு பாஸ் குடுக்குமா?" என்றான். அவனை வெளியே போகச் சொன்னார்கள். வெளியேதான் நின்றிருந்தான். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றான்.

பூட்ஸை வாங்கி வருகிற பொறுப்பு எனக்கு. மறுநாள் காலை கபாலீசுவரரைச் சேவித்துவிட்டு நேராகப் போனேன். என் பழைய திருப்பத்தைத் தாண்டி ஏறும்போது மேலேயிருந்து யாரோ இறங்கி வந்தார்கள். ஒரு தலைக்கு மேல் இன்னொரு தலை தெரிந்தது. பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"சைடு வாங்கு சார்" என்றது கீழ்த்தலை.

ஷரீஃப். அவன் முதுகில் உப்பு மூட்டையாகக் கபாலி.

"நீ… நீலக்கொடி ஷரீஃப் இல்லே?"

"ஆமா சார். வாய்ல கேளு, கைல இத்தப் புடி" என்று ஊன்றுகோலை என்னிடம் நீட்டினான். பிடித்துக்கொண்டேன்.

கீழே சைக்கிள் நின்றது. பின்னால் கேரியரில் கபாலியை உட்கார வைத்து, ஷரீஃப் தள்ளிக்கொண்டு நடந்தான். நான் ஊன்றுகோலோடு பின்னால் போனேன். பார்த்தவர்கள் எனக்குத்தான் கால் சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

"தினமும் வருகிறாயா, அப்பா?"

"கட்டு பிரிச்சதுலேர்ந்து வரேன். சைக்கிள் கடை தொறக்கறதுக்கு முன்னாடி. என் கால்தான சார் பட்டுச்சு? அப்பால எவன் வருவான்?"

என் மனசாட்சி கேட்கவில்லை. "ஷரீஃப், எங்கள் கழகத்தில் உன்மேல் கண்டனத் தீர்மானம் போட்டிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்டின்னா இன்னா சார்?"

"உன்னைக் கண்டிப்பது."

"சரி சார். கண்டிங்க. இப்ப அந்த கேட்டைத் தொறங்க, சைக்கிளு போவணும்."

ஆஸ்பத்திரியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே கபாலியை நிறுத்தி நடக்க வைத்தார்கள். கால் சருகு மாதிரி வற்றியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷரீஃப் கம்பியின் மறுமுனையில் நின்று வம்புக்கு இழுத்தான்.

"டேய் மச்சி, அன்னிக்கு ஃபீல்டுல இந்த ஸ்பீடுல வந்திருந்தா நான் இன்னாத்துக்குடா குறுக்க உழறேன்? நின்னு பீடி புடிச்சிட்டு அப்பால பந்த எடுத்துருப்பேன்."

"வரண்டா. வந்து உன் நெஞ்சு மேலயே ஏர்றேன்" என்று கபாலி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தான்.

"மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டால் சைக்கிள் மிதிப்பான்" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். என்னை அவன் அப்பா என்று நினைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. அந்த ஒரு பதவியை மட்டும் நான் ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் பூட்ஸைக் கேட்டேன்.

"எதுக்கு சார்?" என்றான் கபாலி.

"மரியாதை செய்ய."

"யாருக்கு?"

"பூட்ஸுக்கு."

கபாலி யோசித்தான். "பூட்ஸுக்கு ஒண்ணும் ஆவல சார். அது நல்லாத்தான் கீது" என்றான். ஆனாலும் கொடுத்தான்.

அன்றைய கூட்டத்தில் ஷரீஃப் விஷயத்தைச் சொன்னேன்.

"அனுதாபத்துக்கு உரியவனைக் கண்டனத்துக்கு உரியவன் முதுகுல தூக்கிண்டு போறதா?" என்றார் வேதாந்தம். "அதெப்படி? ரெண்டு தீர்மானமும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். நீங்க பாத்ததை நாங்க பதிவு பண்ண முடியாது."

"பாத்ததும் பாத்தீரு, வெளிய சொல்லாதேயும் வே" என்றார் தலைவர். "நம்ம கழகத்துக்கு அசிங்கம்லா?"

சொல்லவில்லை. நான் அவ்வளவு வீரன். மறுநாளிலிருந்து தினமும் காலையில் போய் ஊன்றுகோலை மட்டும் பிடித்துக்கொண்டேன். அதையும் கழகத்துக்குத் தெரியாமல். கோமளத்திடம் மட்டும் சொன்னேன்.

அவள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "சனிக்கிழமை தவறாம லஸ்ல ஆஞ்சநேயரைச் சுத்திட்டு வரேளே, அவர் தோள்ல தூக்கிண்டு போனது ஆளையா, செருப்பையா?"

எனக்குக் காபி சூடாக இருந்தது. ஊதிக்கொண்டே இருந்தேன்.

மறு ஆட்டத்தன்று மைதானத்தில் நல்ல கூட்டம். நடுக்கோட்டுக்கு நேரே, ஓரத்தில் சிங்க நாற்காலி. அதன்மேல் வெல்வெட், அதன்மேல் கபாலியின் பூட்ஸ். அவற்றுக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினேன். எங்கள் பத்துப் பேரும் வரிசையில் வந்து பூட்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நீலக்கொடி ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஷரீஃபுக்காகக் காத்திருந்தார்கள். அவனை இன்னும் காணோம். வேம்பு கிழிந்த பூட்ஸோடு கயிற்றுக்கு வெளியே குந்தியிருந்தான்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்த நாற்காலியைச் செய்ய எவ்வளவு பாடுபட்டோம் என்பது உங்களுக்குத் தெரியாது. எதற்காகச் செய்தோம் என்பது எங்களுக்கே இப்போது சரியாக நினைவில்லை. ஆனால் எங்கள் கபாலியை நாங்கள் மறக்கவில்லை. அடித்தவன் எங்கே? அன்றைக்கு ஓடியவன் இன்றைக்கும் வரவில்லை பாருங்கள்! கபாலியை ஏறெடுத்துப் பார்த்திருப்பானா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் வீட்டுப் படி ஏறியிருப்பானா? நாங்கள் ஏறினோம்! எங்கள் செயலாளர் முதல் திருப்பம் வரை ஏறினார்!"

கூட்டம் திடீரென்று சிரித்தது. பிறகு தலைவரைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பியது. ஷரீஃப் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தான். நீல பனியன், நீலக் காலுறை. முதுகில் கபாலி.

தலைவர் கையில் ஒலிபெருக்கி, வாய் திறந்தபடி. ஷரீஃப் நேரே நாற்காலியண்டை வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்க சார் எறக்கறது? இதுல பூட்ஸு உக்காந்துகினு கீது" என்றான்.

ஒலிபெருக்கியில் தலைவரின் மூச்சு மட்டும் கேட்டது.

கபாலி முதுகிலிருந்தபடியே பத்துப் பேரையும் எண்ணினான். "வேம்பு எங்க?" என்றான். கயிற்றுக்கு வெளியே பார்த்துவிட்டான். "டேய், வாடா இங்க. இன்னா சைஸுடா உனுக்கு?"

"நிறுத்துப்பா" என்றார் வேதாந்தம். "தீர்மானம் இருக்கு. பாதுகையை எடுக்கப்டாது."

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தடவை கூட்டத்தில் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அதுவும் கெஞ்சுகிற குரலில்தான் வந்தது. "சார், அண்ணா திரும்பி வந்துட்டார். பாதுகையைத் திருப்பிக் குடுத்துடணும் இல்லையா?"

வேதாந்தம் என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமாம். அப்படித்தான் முடியறது" என்று மெதுவாகச் சொல்லி, தாமே பூட்ஸை எடுத்து, மல்லிகையைக் களைந்து கபாலியிடம் கொடுத்தார். கபாலி அதை வேம்புவிடம் போட்டான். காலியான நாற்காலியில் ஷரீஃப் அவனை உட்கார வைத்தான். செய்த நாளிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவன் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சுயம்புலிங்கம் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு ஷரீஃபிடம் வந்தார்.

"ஏல, நீதான் தெனமும் தூக்குதியா?"

"ஆமா சார்."

தலைவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் தலையில் ஜவுளி மூட்டை சுமந்து தெருத் தெருவாகப் போனவர்தானே. "சாப்பிட்டியாலே?" என்றார்.

"ஆட்டம் முடிச்சு சாப்புடறேன் சார். வயிறு ரொம்பினா ஓட முடியாது."

தலைவர் தம் கழுத்து மாலையைக் கழற்றினார். அதை அவனுக்குப் போடுவதா என்று தெரியாமல், கடைசியில் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பதினோரு பேரும் ஆடினோம். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். கடைசியில் வேம்பு தனியாகப் பந்தோடு பாய்ந்தான், எதிரே ஷரீஃப். எல்லோரும் எழுந்துவிட்டோம். கன்னியம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஷரீஃப் சறுக்கவில்லை. நின்ற நிலையிலேயே காலை நீட்டிப் பந்தைத் தட்டி எடுத்தான். எடுத்தவன் பந்தின் பின்னால் போகாமல் முதலில் குனிந்து வேம்புவின் காலைப் பார்த்தான். "அவன் காலப் பாக்காத, பந்தப் பாருடா சோமாறி!" என்று நாற்காலியிலிருந்து கபாலி கத்தினான். எந்த அணிக்காகக் கத்தினான் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெயித்தவர்கள் ஷரீஃபைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "எறக்குங்கடா, அவன ஊட்ல உடணும்" என்று அவன் மேலேயிருந்து கத்தினான். "நீ போ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றேன். அதே பழைய தைரியம்தான். கன்னியம்மா கடைக்கு மாவு கரைக்க வேண்டுமென்று முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள். வேதாந்தத்துக்குக் கவலை வேறு: கண்டனத் தீர்மானத்தை வாபஸ் வாங்காமல் பாராட்டுத் தீர்மானம் போட முடியுமா என்று தலைவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

வீட்டு வாசல் வரை ஷரீஃபின் சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்தோம். அங்கிருந்து நானும் வேம்புவும் கைகளைக் கோத்து, அதில் கபாலியை உட்கார வைத்துத் தூக்கினோம். முதல் திருப்பத்தைத் தாண்டும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாம் மாடி வந்தபோது கண்ணில் பூச்சி பறந்தது. காது அடைத்தது. கை நழுவியது.

"சார், சார், எறக்கி உடுங்க சார்" என்றான் கபாலி.

இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. வேம்பு என் முதுகைத் தடவினான். கபாலி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று என்னைப் பார்த்தான்.

"நீங்க குந்துங்க சார். நான் அம்மாவத் தண்ணி கொண்டாரச் சொல்றேன்" என்றான்.

சொல்லிவிட்டுத் திரும்பினான். கைப்பிடியைப் பிடித்தான். நல்ல காலை மேல்படியில் வைத்தான். அப்புறம் அந்தக் காலை. வேம்பு எழப் போனான். "உடு" என்றான் கபாலி. எனக்குப் பேச மூச்சு இல்லை. கைகளை மட்டும் குவித்துக்கொண்டேன். அவன் முதுகுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு படியில் நின்று, சுவரில் தலையைச் சாய்த்து, மறுபடி ஏறினான். திருப்பத்தில் மறைந்தான். காலை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"யார்றா வர்றது?" என்று மேலேயிருந்து கன்னியம்மாவின் குரல் கேட்டது.

"நான்தாம்மா."

"தூக்கிக்கினு வர்றது யாரு? ஷரீஃபா?"

கால் இன்னொரு படி ஏறுகிற சத்தம் கேட்டது.

"யாரும் இல்லம்மா."

மேலே பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. அப்புறம் ஓடுகிற காலடி. அப்புறம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். நான் படியில் உட்கார்ந்தபடி முந்தானையில் முகம் துடைப்பது போல மேல்துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வியர்வை என்று வேம்புவிடம் சொன்னேன்.

சிறிது நேரம் கழித்துக் கன்னியம்மா சொம்பில் தண்ணீரோடு இறங்கி வந்தாள். முகமெல்லாம் ஈரம். என் கையில் சொம்பைக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"இன்னாத்துக்கு சார்" என்றாள் அவ்வளவு பரிவோடு, "இந்த வயசுல உங்களுக்கு ஃபுட்பாலு?"